மறதி நோயும் பாட்டும்: முதியோர் இல்லங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து முதியோர் இல்லங்களில் மறதி நோய் உள்ளவர்களோடு சேர்ந்து பாடுகிற வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். பார்க்க வருகிற பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கதைப்பவர்கள், இல்லத்தில் வேலை செய்கிற தங்கைமார் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

மறதி நோய் எண்டால் வயசு போனால் வாற அறளைதானே? அதுக்கு என்ன வைத்தியம், என்ன பாட்டு?

வயது போனால் ஆட்களின் பெயர் உடனே வாயில் வராமல் போவது வழக்கம். காலமெல்லாம் சமைத்தவர் சோறு வடிக்கும் ஒழுங்கில் தடுமாறுவதும், பிறந்து வளர்ந்த ஒழுங்கையில் வழி தவறுவதும், காலையா பின்னேரமா என்று தெரியாமல் போவதும் வழக்கம் அல்ல. அது மூளையில் வருகிற நோய். மறதி நோயாளரில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அல்சைமர் நோய் காரணமாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடுத்தது, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் பழுதாவதால் வருவது. நீரிழிவையும் பிரஷரையும் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூட.

பாட்டைப் பற்றி யோசிக்கும் முன் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரோயிட் குறைவு, விட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில குளிசைகளின் பக்கவிளைவு என்று, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

பெத்த பிள்ளையின்ர பேர் தெரியேல்ல, ஆனா தேவாரத்தைப் பிழை விடாமல் பாடுறா. அம்மா நடிக்கிறாவோ?

இல்லை. இந்தச் சந்தேகத்தால் தாயோடு கோபித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், அதனால் அழுத்தியே சொல்கிறேன். பெயர், திகதி, நேற்று வந்துபோனவர் யார் என்பவற்றைப் பிடித்து வைக்கும் மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் நோய் முதலில் தாக்குகிறது. சின்ன வயதில் பழகிய பாட்டு அந்த ஒரு இடத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு காலையும் பிரார்த்தனையில் பாடியது, கோயிலில் கூட்டத்தோடு பாடியது எல்லாம் வாயும் மூச்சும் பழகிய பழக்கமாகவே ஊறிவிட்டது. முதல் அடி வந்தால் அடுத்தது தானாக வரும்.

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2015இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டை அடையாளம் காணும் மூளைப் பகுதிகள் எவை என்று முதலில் பார்த்தார்கள். பிறகு அல்சைமர் நோயாளரின் மூளைப் படங்களில் அதே பகுதிகளைத் தேடினார்கள். மற்ற இடங்களைவிட அங்கே சுருக்கம் குறைவாக இருந்தது. அம்மாவிடம் மிச்சம் இருப்பதைத்தான் அம்மா பாடுகிறா.

அப்ப பாட்டைக் கேக்கக் கேக்க ஞாபகம் திரும்பி வருமோ?

வராது. அப்படிச் சொல்லிக் காசு கேட்பவர்களை நம்பவேண்டாம். மறதி நோயாளருக்கான இசைச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இலும் 2025இலும் அறிக்கை தந்தது. பிந்திய அறிக்கையில் 30 ஆய்வுகள், 1,700க்கு மேற்பட்டவர்கள். பெரும்பாலானவர்கள் இல்லங்களில் வசித்தவர்கள். இசை மனச்சோர்வை ஓரளவு குறைக்கிறது, நடத்தைப் பிரச்சினைகள் பொதுவாகக் கொஞ்சம் தணியலாம். நினைவாற்றலிலும் யோசிக்கும் திறனிலும் பெரிய மாற்றம் இல்லை. பதற்றத்துக்கும் ஆவேசத்துக்கும் பெரிதாகப் பலன் தெரியவில்லை.

பாடுகிற அந்த அரைமணி நேரமும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும் அவர் சந்தோசமாக, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து இருக்கிறார். அதுதான் பலன். நாளைக்கு அது அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ஹோலில காலமை துடக்கம் இரவுவரை ரேடியோ பாடுது. அது போதாதோ?

போதாது. பல வேளை அதுவே கரைச்சல். மறதி நோய் உள்ளவருக்கு வேண்டிய சத்தத்தையும் வேண்டாத சத்தத்தையும் பிரித்துக் கேட்பது கஷ்டம். பாட்டு, விளம்பரம், மரண அறிவித்தல், செய்தி, குசினியில் பாத்திரம் விழுகிற சத்தம் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தால் அவர் களைத்துப்போவார். சிலர் எழுந்து நடக்கத் தொடங்குவார்கள், சிலர் ஒரேயடியாக ஒடுங்கிவிடுவார்கள். எங்களுக்கு அது அமைதி மாதிரித் தெரியும்.

இசைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒருவர், நோயாளியின் முகத்தையும் மூச்சையும் பார்த்துப் பார்த்துத் தன் பாட்டின் வேகத்தையும் சுருதியையும் மாற்றிக்கொண்டே போவார். எங்களுக்கு அவ்வளவு வராது, பரவாயில்லை. ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்வது முழுக்க இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இன்னொன்று, யூடியூப்பில் போடும்போது தாலாட்டின் நடுவில் விளம்பரம் அலறும். நல்ல நித்திரைக்குப் போன ஆச்சி திடுக்கிட்டு எழும்பினால் அன்று முழுக்கச் சரிவராது. பாட்டுகளை முன்கூட்டியே மெமரி கார்டில் ஏற்றி, சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள்.

எந்தப் பாட்டைப் போடுறது? சாமிப் பாட்டு எண்டால் எல்லாருக்கும் நல்லம்தானே?

எல்லாருக்கும் இல்லை. ஒருவர் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் கேட்ட பாட்டுகள்தான் பொதுவாக ஆழமாக நிற்கின்றன. 1942இல் பிறந்தவர் என்றால் 1952 முதல் 1972 வரை. அந்தக் காலத்தில் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று கேளுங்கள். இலங்கை வானொலியில் சினிமாப் பாட்டுக் கேட்டவரா? அளவெட்டி, இணுவில் பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நாதசுரமும் தவிலும் கேட்டவரா? குருநகர், பாசையூர்ப் பக்கம் நாட்டுக்கூத்து ஆடியவரா? கொழும்பில் வேலை செய்து பைலா ஆடினவரா? 70களில் இங்கே பிறந்த தமிழ்ப் பொப் பாட்டுகளுக்குத் துள்ளினவர்களும் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

கரையோரக் கிராமத்து ஐயா ஒருவர் எங்கள் பாட்டு நேரத்தில் கைகட்டிக் கீழே பார்த்தபடியே இருப்பார். கீர்த்தனை, சினிமாப் பாட்டு எதற்கும் அசைவில்லை. ஒருநாள் இன்னொருவரைப் பார்க்க வந்த மகன் சும்மா ஒரு கூத்து மெட்டை முணுமுணுத்தார். ஐயாவின் வலது கை கதிரைப் பிடியில் தட்டத் தொடங்கியது. முதலில் இரண்டு விரல், பிறகு முழுக் கை. மெட்டு முடிகிற இடத்தில், வந்தவர் மூச்சு எடுக்கும் முன்னமே, அடுத்த அடியை இவர் எடுத்துக் கொடுத்தார். அவர் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்குப் பின்பாட்டுப் பாடியவர் என்று பிறகுதான் தெரிந்தது.

சாமிப் பாட்டிலும் ஒரு கவனம் வேண்டும். திருவாசகம் முழுவதையும் ஒரே ஒலிப்பதிவாகப் போட்டுவிட்டால் நடுவில் திருப்பொற்சுண்ணம் வரும். அது எங்கள் ஊரில் சைவர்களின் செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவது. அதைக் கேட்டதும் ஆர் செத்தது என்று பதறியவர்களைக் கண்டிருக்கிறேன். கத்தோலிக்கருக்குத் தவக்கால ஒப்பாரியும் அப்படித்தான், காலம் தெரியாமல் போட்டால் மனம் கலங்கும். ஒலிப்பதிவை முழுக்க நீங்கள் ஒருதரம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நாங்கள் கனடாவில. அப்பாவுக்கு என்ன பாட்டு விருப்பம் எண்டு உண்மையா எங்களுக்குத் தெரியாது. என்ன செய்யலாம்?

அப்பாவின் சகோதரங்களையும் பழைய அயலட்டையையும் கேளுங்கள். பாட்டின் பெயர் அவர்களுக்கு வராது. "சின்னனில அவர் எங்க திரிவார், ஆரோட திரிவார்" என்று கேட்டால் கதை வரும், கதைக்குள் பாட்டும் வரும். இங்கே ஒரு ஐயா பழைய வானொலிப் பாட்டுப் போகும்போதெல்லாம் வலது கையால் காற்றில் எதையோ சுற்றிக்கொண்டே இருப்பார். நோயின் அறிகுறி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மகள் வந்து பார்த்துவிட்டு, அப்பா சைக்கிள் பெடலைச் சுத்துறார் என்றா. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். பாட்டு நிற்காமல் இருக்க அவர் இப்போதும் சுற்றுகிறார். இப்படியான விஷயத்தைக் குடும்பம் சொல்லாமல் இல்லத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை.

வீடியோ அழைப்பில் சேர்ந்து பாட முயல வேண்டாம். சத்தம் பிந்தி வருவதால் இரண்டு பக்கமும் தாளம் தவறும், அவர் குழம்பிப்போவார். அவரைப் பாடவிட்டு நீங்கள் கேளுங்கள். அல்லது உங்கள் குரலில் ஒரு பாட்டைப் பதிந்து அனுப்புங்கள். தொடக்கத்தில் "அப்பா, நான் சின்னவள் பாடுறன்" என்று ஆர் என்பதைச் சொல்லிவிடுங்கள். "நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் பாடலாம்? சாப்பிடேக்க போட்டால் நல்லா சாப்பிடுவினமோ?

இருபது, முப்பது நிமிடம் போதும். களைப்பு முகத்தில் தெரிந்தால் அதற்கு முன்னமே நிறுத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் மெல்லிய, வேகம் குறைந்த வாத்திய இசை சிலரை அமைதிப்படுத்தும். ஆனால் வாயில் சோறு இருக்கும்போது பாட வைக்கக் கூடாது, புரைக்கேறும். விழுங்கக் கஷ்டப்படுபவர் என்றால் சாப்பிடும்போது பாட்டே வேண்டாம்.

குளிக்க வார்க்கும்போது அடம்பிடிப்பவருக்கு, உடுப்பைக் கழற்றும் முன்னமே அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடத் தொடங்கிப் பாருங்கள். பாடிக்கொண்டே கிணற்றடிக்குப் போவது இழுத்துக்கொண்டு போவதைவிட இருவருக்கும் நல்லது.

ஆச்சிக்குக் காது கேளாது. ஹெட்போன் போட்டுவிடலாமோ?

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை எடுத்த பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்களும் உண்டு. ஹெட்போன் சிலருக்குப் பிடிக்கும், சிலர் தலையில் ஏதோ ஏறிவிட்டது என்று பிடுங்கி எறிவார்கள். அதைப் போட்டால் ரேடியோ பற்றிய பதிலில் சொன்ன மாதிரி பக்கத்தில் இருந்து கேட்கவும் முடியாது.

வயதானவர்களுக்கு மேல் சுருதிதான் முதலில் கேட்காமல் போகும். அதனால் கத்திப் பாடாமல், சுருதியைக் கீழே இறக்கி, அவரின் முகத்துக்கு நேரே இருந்து பாடுங்கள். உதடு தெரிய வேண்டும். ஒன்றுமே கேட்காதவருக்கும் மிருதங்கத்தின் தோலில் கையை வைக்கக் கொடுத்தால் அதிர்வு போகும்.

பாட்டைக் கேட்டவுடன அழுகிறா. நிப்பாட்டவோ?

முகத்தைப் பாருங்கள். கண்ணீர் வந்தாலும் பாட்டை விடாமல் கூடப் பாடுகிறா, உங்கள் கையைப் பிடிக்கிறா என்றால் நிறுத்த வேண்டாம். அழுவதற்கும் அவவுக்கு உரிமை உண்டு. நெற்றி சுருங்கி, காதைப் பொத்தி, உடம்பு விறைத்து, எழும்பிப் போக முயன்றால் உடனே நிறுத்துங்கள். திடீரென்று அமைதி விழாமல், மெல்லிய குரலில் கதைத்து, வேறு அறைக்கோ முற்றத்துக்கோ கூட்டிப் போங்கள்.

இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு இதைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த இரவு சிலருக்கு இன்னும் முடியவில்லை, மறதி நோய் வந்தபின் அது நேற்று நடந்த மாதிரியே இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் திரும்பி வந்த முதியவர்களுக்கும் அப்படியொரு நாள் உண்டு. போர்க்காலத்துப் பாட்டுகளைக் குடும்பத்தைக் கேட்காமல் போடாதீர்கள். பாட்டுக்குள் வெடிச்சத்தம், ஹெலிகொப்ரர் சத்தம் இருந்தால் வேண்டவே வேண்டாம். எது கலங்கவைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அடுத்த நேரத்து வேலைக்கு வருபவருக்கு அது தெரிய வேண்டும்.

பின்னேரம் ஆனால் வீட்டை போகோணும் எண்டு கேற்றடியில நிக்கிறார். பாட்டு அடக்குமோ, குளிசை கேக்கவோ?

ஆவேசத்துக்குப் பெரிய பலன் தெரியவில்லை என்று காக்ரேன் அறிக்கை பற்றிய பதிலில் சொன்னேன். அதனால் பாட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். திடீரென்று இப்படித் தொடங்கினார் என்றால் மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், பல்வலி, தாகம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லத் தெரியாத நோவு, "வீட்டை போகோணும்" என்று வெளியே வரும்.

அதெல்லாம் இல்லை, நாளும் ஐந்து மணிக்கு இப்படித்தான் என்றால் ஒரு வழி இருக்கிறது. கலக்கம் வரும் நேரத்துக்கு அரைமணி முன்னமே, அவருக்கு மட்டும் உரிய பாட்டைத் தொடங்க வேண்டும். கேற்றைப் பிடித்து உலுக்கத் தொடங்கிய பிறகு பாடினால் அது அவருக்கு இன்னொரு சத்தம். நாலரைக்குத் தேத்தண்ணியோடு போய் இருங்கள். அவர் நடந்தால் நீங்களும் கூட நடந்து பாடுங்கள்.

குளிசையைப் பற்றி வைத்தியரோடுதான் கதைக்க வேண்டும். அடக்குவதற்குக் கொடுக்கிற சில மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்; இறப்பு ஆபத்தையும் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. அதைக் கேட்டு நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

எங்கட இல்லத்தில சைவமும் இருக்கினம், வேதமும் (கிறிஸ்தவர்) இருக்கினம். சேர்த்து வைச்சுப் பாடேலுமோ?

ஏலும். சமயப் பாட்டை முதலில் வைக்காமல், எல்லாருக்கும் பொதுவான பழைய சினிமாப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டில் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொருவராக "உங்கட பாட்டு ஒண்டு" என்று கேளுங்கள். தேவாரத்துக்கு வேதக்காரர் தாளம் போடுவதையும், கிறிஸ்தவக் கீர்த்தனைக்குச் சைவக்காரர் தலையாட்டுவதையும் பார்க்கலாம். விருப்பமில்லாதவரை வற்புறுத்தாமல், எழுந்து போக வழிவிடுங்கள்.

முடிவுக்கு எப்போதும் ஒரே பாட்டை வையுங்கள். சைவர்களுக்கு இது தெரிந்த ஒழுங்கு. கோயிலில் பஞ்சபுராணம் பாடி வாழ்த்துப் பாடினால் முடிந்தது, எழும்பலாம் என்று உடம்புக்கே தெரியும். கலந்த குழுவில் அப்படியொரு பொதுப் பாட்டைத் தெரிந்து, கிழமைக்குக் கிழமை அதிலேயே முடியுங்கள். ஏன் நிறுத்தினாய் என்ற கலக்கம் குறையும்.

ஒரே பாட்டைத்தான் நாள் முழுக்கப் போடச் சொல்லுறார். குடுக்கலாமோ?

அவர் சந்தோசமாக இருந்து, சாப்பாடும் நித்திரையும் கெடவில்லை என்றால் கொடுங்கள். உங்களுக்கு அலுப்பு, அவருக்கு ஒவ்வொரு தரமும் புதிது. முன்பு பாட்டே கேட்காதவர் திடீரென்று பாட்டுப் பைத்தியமாகி, நிறுத்தினால் அடிக்க வருகிறார் என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். மூளையின் முன்பக்கத்தைத் தாக்கும் வகை மறதி நோயில் இப்படி வருவதுண்டு.

இப்ப கதைக்கவும் மாட்டா, கண் திறக்கவும் மாட்டா. இனிப் பாட்டால என்ன?

இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். பெரிய மாற்றத்தைத் தேடாதீர்கள். மூச்சின் வேகம் குறைகிறதா, புருவம் இளகுகிறதா, பிடித்த கையில் விரல் அசைகிறதா என்று பாருங்கள். வாத்தியம் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். கையைப் பிடித்து, பேரைச் சொல்லி, அவவின் மூச்சோடு சேர்ந்து மெல்லத் தாலாட்டுங்கள். சொல் தெரியாவிட்டால் முணுமுணுத்தாலும் போதும். உங்களைத் தாலாட்டியவ அவதான், அந்த மெட்டு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு அசைவும் இல்லாத நாட்களும் வரும். அந்த நாட்களிலும் ஐந்து நிமிடம் பாடுங்கள்.

பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் நாங்கள் செய்தால் பிழையோ? ஆரைக் கேக்கிறது?

பிழை இல்லை. அவுஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மறதி நோயும் மனச்சோர்வும் உள்ளவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடியபோது சோர்வு குறைந்தது. பாட்டை நடத்தியவர்கள் சாதாரண இசைக்காரர்கள். சிகிச்சையாளர் நடத்திய சிறு குழுவைவிட அதில் பலன் கூடவாக இருந்தது. கடும் கலக்கம் உள்ளவருக்குச் சிகிச்சையாளர் தேவைதான், ஆனால் அவர் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மருதனார்மடத்தில் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். ஊர்க் கோயிலில் தேவாரம் பாடுபவர், தேவாலயப் பாடகர் குழு, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை எல்லாரும் எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். கச்சேரி செய்ய வரவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேடையில் இருந்து பாடிவிட்டுப் பொன்னாடையோடு போகும் ஒருநாள் நிகழ்ச்சியைவிட, கிழமைக்கு ஒருதரம் கதிரையை வட்டமாகப் போட்டு ஒருவர் வந்து பாடுவது நூறு மடங்கு மேல்.

அம்மா பாடினதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில போட்டம், எல்லாரும் அழுதவை. அதில என்ன பிழை?

அம்மாவைக் கேட்டீர்களா? நோய் வருமுன் இருந்த அம்மா, சீலை குலைந்த கோலத்தில், பல் இல்லாமல் ஊருக்கு முன் பாட ஒத்துக்கொண்டிருப்பாவா என்று யோசியுங்கள். பின்னால் கட்டிலில் இருக்கும் மற்றவர்களின் முகமும் வீடியோவில் விழுந்திருக்கும், அவர்களின் பிள்ளைகள் அனுமதி தரவில்லை. குடும்பத்துக்குள் அனுப்புவதோடு நிறுத்துங்கள். இல்லத்துப் பொறுப்பாளரிடமும் இதைச் சட்டமாகவே வைக்கச் சொல்லுங்கள். போனைப் பிடித்தபடி பாடினால் அவவின் கையைப் பிடிக்க உங்களிடம் கை இருக்காது.